துப்பாக்கியில் விளக்கு: பார்ப்பதும் குறிவைப்பதும் ஒன்றா?

திரைப்படங்களில் இந்தக் காட்சியை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். ஒரு காவல் அதிகாரி இருண்ட வீட்டுக்குள் நுழைகிறார். அவருடைய கைத்துப்பாக்கியின் அடியில் ஒரு சிறிய விளக்கு எரிகிறது. துப்பாக்கி திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சமும் திரும்புகிறது. பார்ப்பதற்கு மிகவும் வசதியான ஏற்பாடாகத் தெரியும்.

உயர்நிலை வகுப்பில் ஒளி பற்றிய பாடம் நடத்தும்போது இதைப் பற்றி யாராவது ஒரு மாணவர் கேட்காமல் இருப்பதில்லை. “விளக்கைத் துப்பாக்கியிலேயே பொருத்திவிட்டால் நல்லதுதானே? ஏன் சிலர் கைவிளக்கைத் தனியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்?” நல்ல கேள்வி. ஒளி, கண், தசை ஆகிய மூன்றையும் தெரிந்துகொண்டால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

நம் நாட்டில் யாருடைய கேள்வி இது?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பொதுமக்கள் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லச் சட்டம் அனுமதிக்கிறது. அதனால் அங்கே இந்த விவாதம் சாதாரண மக்களிடையே நடக்கிறது. விளக்கைப் பொருத்தினால் துப்பாக்கி பருமனாகிறது, எடை கூடுகிறது, அதற்கென்று தனி உறையும் வேண்டும். இவ்வளவு சிரமத்துக்கு அது தகுமா என்று கேட்கிறார்கள்.

சிங்கப்பூரில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தாலே குறைந்தது 5 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கும். பிறருக்குத் தீங்கு செய்யும் நோக்கத்துடன் சுட்டால் மரண தண்டனை. ஏர்சாஃப்ட் போன்ற விளையாட்டுத் துப்பாக்கிகளை உரிமமின்றி வைத்திருப்பதும் இங்கு குற்றம்தான். இணையத்தில் விலை மலிவாக இருக்கிறது என்று அவற்றை வாங்கிவிடாதீர்கள்.

ஆனால் காவல்துறைக்கு இது உண்மையான கேள்வி. நம் முன்களக் காவலர்கள் பல ஆண்டுகளாக 5 குண்டுகள் கொள்ளும் டாரஸ் சுழல்துப்பாக்கியை இடுப்பில் வைத்திருந்தார்கள். அதன் இடத்தை கிளாக் 19 வகைத் துப்பாக்கி பிடித்து வருகிறது. அந்தச் சிறிய சுழல்துப்பாக்கியின் குழலுக்கு அடியில் விளக்கைப் பொருத்த வசதி கிடையாது. இன்றைய கிளாக்கில் குழலுக்கு அடியில், விளக்கை நழுவவிட்டுப் பூட்டும் பள்ளங்கள் வார்ப்பிலேயே இருக்கின்றன. ஆக, “பொருத்த முடியுமா?” என்ற கேள்வி முடிந்துவிட்டது. “பொருத்தினால் எப்படிப் பயன்படுத்துவது?” என்பதே மிச்சம்.

உங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலர் தேசிய சேவைக்குச் செல்வீர்கள். ராணுவத்திலோ காவல்துறையிலோ நிஜ ஆயுதத்தைக் கையில் வாங்கும் நாள் வரும்.

இருட்டில் கண் என்ன செய்கிறது?

நம் விழித்திரையில் இரண்டு வகை ஒளி உணர் செல்கள் உள்ளன. கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை இவையே. ஆனால் இவற்றுக்கு நல்ல வெளிச்சம் தேவை. கோல் செல்கள் சுமார் 12 கோடி. மங்கலான ஒளியிலும் இவை வேலை செய்யும். ஆனால் நிறம் காட்டா. உருவத்தையும் அசைவையும் மட்டும் காட்டும்.

வெளிச்சமான இடத்திலிருந்து இருட்டுக்குள் போனதும் முதலில் கண்பாவை விரிகிறது. இளம் வயதினருக்கு அதன் விட்டம் 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை போகலாம். விட்டம் 4 மடங்கானால் பரப்பு 16 மடங்கு. அதாவது 16 மடங்கு ஒளி உள்ளே வருகிறது. இது சில விநாடிகளில் நடந்துவிடும்.

அடுத்த மாற்றம் மெதுவாக நடப்பது. கோல் செல்களில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி, ஒளி பட்டால் சிதையும். இருட்டில் மீண்டும் சேரும். முழுமையாகச் சேர ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். திரையரங்கில் நுழைந்தவுடன் இருக்கை தெரியாமல் தடுமாறுகிறோம். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தெரிகிறது. காரணம் இதுவே.

பலமான விளக்கு ஒன்று ஒரே நொடி கண்ணில் அடித்தால் போதும், அரைமணி நேரச் சேமிப்பு கரைந்துவிடும். எதிரில் இருப்பவருக்கு மட்டுமல்ல, விளக்கை வைத்திருப்பவருக்கும் இது நேரலாம். வீவக புளோக்கின் குறுகிய படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கண்ணாடிக் கதவோ முகக்கண்ணாடியோ எதிரில் இருந்தால் இன்னும் மோசம். கற்றை அப்படியே திரும்பி வந்து பிடித்திருப்பவரின் கண்ணைக் கூசச் செய்யும். எனவே “எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு நல்லது” என்பது தவறான எண்ணம்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் தூரம்

முஸ்தஃபா கடைத்தொகுதியிலோ வேறு கடையிலோ கைவிளக்கு வாங்கினால் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். லூமென் என்பது விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளிவிடும் மொத்த ஒளி. கேண்டெலா என்பது ஒரு திசையில் அந்த ஒளி எவ்வளவு செறிவாகச் செல்கிறது என்பதன் அளவு. ஒரு பரப்பின்மேல் வந்து விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறோம்.

இவற்றை இணைக்கும் விதி எளிது:

லக்ஸ் = கேண்டெலா ÷ (மீட்டரில் தூரம்)²

10,000 கேண்டெலா விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

2 மீட்டரில்: 2,500 லக்ஸ்
5 மீட்டரில்: 400 லக்ஸ்
10 மீட்டரில்: 100 லக்ஸ்
20 மீட்டரில்: 25 லக்ஸ்

தூரம் இரட்டித்தால் வெளிச்சம் பாதியாவதில்லை, நான்கில் ஒன்றாகிறது. இதுதான் தலைகீழ் வர்க்க விதி.

இனி ஒரு வேடிக்கை. இதே விளக்கின் பெட்டியில் “200 மீட்டர்” என்று அச்சிட்டிருப்பார்கள். கைவிளக்குகளுக்கான தரநிலையில், வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் தூரத்தையே ‘கற்றைத் தூரம்’ என்கிறார்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: 10,000 ÷ (200 × 200) = 0.25. இது ஏறக்குறைய முழுநிலவின் வெளிச்சம். 200 மீட்டரில் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியலாம். அது யார், கையில் என்ன என்று தெரியாது.

கையில் இருப்பது கைப்பேசியா?

இந்தப் பாடத்தின் மிக முக்கியமான பகுதி இது. ‘தெரிகிறது’ என்பதற்கும் ‘அடையாளம் தெரிகிறது’ என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

நல்ல பார்வை உள்ளவர் பகல் வெளிச்சத்தில் சுமார் 1 கலை கோண அளவு வரை பிரித்தறிவார். ஒரு பாகையில் 60 கலைகள். 10 மீட்டர் தொலைவில் ஒருவர் 7 சென்டிமீட்டர் அகலமுள்ள கைப்பேசியைப் பிடித்திருக்கிறார் என்போம். அது நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் 0.07 ÷ 10 = 0.007 ரேடியன், அதாவது ஏறக்குறைய 24 கலைகள். பகலில் அந்தக் கைப்பேசி நம் கண்ணுக்கு 24 ‘புள்ளி’ அகலமுள்ள படம். தாராளமாக அடையாளம் காணலாம்.

நிலவொளி அளவுக்கு வெளிச்சம் குறைந்தால் கோல் செல்கள் மட்டுமே வேலை செய்யும். நுணுக்கம் சுமார் பத்தில் ஒரு பங்காகிவிடும். அதே கைப்பேசி இப்போது இரண்டு அல்லது மூன்று புள்ளிதான். கைப்பேசியா, பணப்பையா, கத்தியா? கண் சொல்லாது. கண் சொல்லாததை மூளை ஊகித்து நிரப்பும். பயந்திருக்கும் மூளை எதை ஊகிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே இருட்டில் ஆயுதம் ஏந்தியவருக்கு வெளிச்சம் ஓர் அலங்காரமல்ல. எதிரில் நிற்பவரின் உயிர் அதைப் பொறுத்திருக்கிறது.

இரண்டு விதிகள் மோதும் இடம்

உலகெங்கும் துப்பாக்கிப் பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தரும் பாதுகாப்பு விதிகளில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஒன்று: எதைச் சுடும் எண்ணம் இல்லையோ, அதை நோக்கித் துப்பாக்கி முனையைத் திருப்பாதே.

இரண்டு: எதிரில் இருப்பது என்ன, அதற்குப் பின்னால் இருப்பது என்ன என்று உறுதியாகத் தெரியாமல் சுடாதே.

பகலில் இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. இருட்டில், விளக்கு துப்பாக்கியிலேயே இருந்தால் என்ன ஆகும்? இரண்டாம் விதியைக் காப்பாற்ற வெளிச்சம் காட்ட வேண்டும். வெளிச்சம் காட்டத் துப்பாக்கியைத் திருப்ப வேண்டும். திருப்பினால் முதல் விதி உடைகிறது. அங்கே நிற்பது வழிதவறிய முதியவராகவோ, கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் குழந்தையாகவோ இருந்தாலும், அவர் யார் என்று தெரிவதற்கு முன்பே முனை அவரை நோக்கிவிட்டது.

அப்படியானால் விளக்கைத் தனியே கையில் பிடிப்பதுதான் சரியா? அதிலும் குறை உண்டு. ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் விளக்கு என்றால் கதவைத் திறக்க, தொலைத்தொடர்புக் கருவியில் பேச, காயம்பட்டவரைத் தாங்கிப் பிடிக்கக் கை மிஞ்சாது. ஒரு கையால் பிடித்த துப்பாக்கி அதிகம் ஆடும். குறி தவறிய குண்டு அப்பாவி ஒருவரைத் தாக்கலாம். துப்பாக்கியில் பொருத்திய விளக்கு ஒரு கையை விடுவிக்கிறது, இரு கைப் பிடியைத் தருகிறது, கற்றையும் குறியும் ஒரே கோட்டில் இருக்கின்றன. இவை உண்மையான நன்மைகள்.

தசைகளின் இயல்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும. அமெரிக்க உடலியல் அறிஞர் ரோஜர் எனோக்கா, ஒருவர் தன் விருப்பமின்றியே துப்பாக்கி விசையை இழுத்துவிடும் சந்தர்ப்பங்களை ஆராய்ந்தார். மூன்று காரணங்களை அவர் எடுத்துக்காட்டினார். கால் இடறி உடல் நிலை தடுமாறும்போது கை தானாக இறுகுகிறது. திடீர் சத்தத்தில் திடுக்கிடும்போதும் இறுகுகிறது. ஒரு கையை வலுவாக இறுக்கும்போது மறு கையின் தசைகளும் கூடவே இறுகுகின்றன.

மூன்றாவது காரணத்தை நீங்களே உணரலாம். இடக்கையால் ஒரு ரப்பர் பந்தை முழு பலத்துடன் நசுக்குங்கள். வலக்கை விரல்களைக் கவனியுங்கள். மெல்ல மடங்க முயல்வது தெரியும். ஒரு கையால் விளக்கின் பொத்தானை அழுத்தும்போது மறு கையின் சுட்டுவிரல் விசைமேல் இருந்தால் என்னவாகும் என்று யோசியுங்கள். அமெரிக்காவில், துப்பாக்கியில் பொருத்திய விளக்கைப் போட நினைத்த காவலர் விசையை இழுத்துவிட்ட சம்பவங்கள் பதிவாகியுள்ளன. அதனால்தான் சுடுவது என்று முடிவெடுக்கும்வரை சுட்டுவிரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டில் நேராக நீண்டிருக்க வேண்டும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

சிந்தும் ஒளியின் உதவி

மோதல் நடக்கும் இடத்தில்தான் இயற்பியல் உதவிக்கு வருகிறது. ஒரு கைவிளக்கைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் பளீரென்று ஒரு வட்டம். அதைச் சுற்றி மங்கலான பெரிய வட்டம். விளக்கின் குழிந்த பிரதிபலிப்பான் குவித்து அனுப்பும் ஒளியே நடு வட்டம். பிரதிபலிப்பானில் படாமல் நேரே வெளியேறும் ஒளியே சுற்று வட்டம். இதைச் ‘சிந்தும் ஒளி’ எனலாம்.

ஒருவரைப் பார்க்க நடு வட்டம் அவர்மேல் விழ வேண்டும் என்பதில்லை. கற்றையைத் தரையை நோக்கிச் சாய்த்தாலும் சிந்தும் ஒளி அவர்மேல் விழும். தரையில் பட்ட ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறி அறையையும் நிரப்பும். இது சிதறல் பிரதிபலிப்பு. வெளிச்சம் கிடைக்கிறது, முனை தரையைப் பார்க்கிறது, இரு விதிகளும் காப்பாற்றப்படுகின்றன. எதிரில் இருப்பவரின் கண்ணும் கூசாது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். துப்பாக்கியில் விளக்கு இருப்பது தவறல்ல. அதைத் தேடும் விளக்காகப் பயன்படுத்துவதுதான் தவறு. சாவி தேட, அடையாள அட்டையைச் சரிபார்க்க, காரின் பின்னிருக்கையைப் பார்க்க, படிக்கட்டில் இறங்க என்று காவலரின் இரவு வேலையில் மிகப் பெரும்பகுதிக்குத் துப்பாக்கி தேவையே இல்லை. விளக்கு மட்டுமே தேவை. ஆகவே துப்பாக்கியில் விளக்கு பொருத்தியவருக்கும் இடுப்பில் ஒரு தனிக் கைவிளக்கு கட்டாயம் இருக்க வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் கேட்கப்பட்டது எந்த விளக்கு?

இதுவரை ஒருவர் கையில் இருக்கும் விளக்கைப் பற்றிப் பேசினோம். கூட்டம் நிறைந்த ஒரு தெருவுக்கு எந்த விளக்கு வேண்டும்? இதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷியர் ரோடும் சந்திக்கும் இடத்தில் தனியார் பேருந்து ஒன்றில் சிக்கி, இந்தியாவிலிருந்து வந்த கட்டுமான ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. காவல்துறை வாகனங்களும் அவசர மருத்துவ வாகனமும் தாக்கப்பட்டன, சில எரிந்தன. காவலர்கள் பலர் காயமடைந்தார்கள். அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. ஆனால் அந்த இரவில் காவல்துறை ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அறிக்கை அளித்தது. காவல்துறையின் ஆள்பலம், தொலைத்தொடர்பு பற்றியெல்லாம் அது பரிந்துரைகள் செய்தது. மக்கள் பெருமளவில் கூடும் இடங்களில் விளக்கொளியையும் கண்காணிப்புக் கருவிகளையும் மேம்படுத்த வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று.

தெருவிளக்கை நாம் படித்த அறிவியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைவிளக்கு 10 மீட்டரில் 100 லக்ஸ் தரும். ஆனால் ஒரு சிறிய வட்டத்துக்குள் மட்டும். வெளியே இருட்டு இன்னும் கறுத்துத் தெரியும். தெருவிளக்கின் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு குறைவுதான். ஆனால் தெரு முழுவதும் பரவுகிறது; கூம்பு செல்களை விழிக்க வைக்கவும் அது போதும். மேலிருந்து விழுவதால் கண்ணில் நேராக அடிப்பதில்லை. அதற்குப் பொத்தானும் இல்லை, விசையும் இல்லை. யாரையும் குறிவைப்பதும் இல்லை.

நிறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய சோடிய விளக்கின் மஞ்சள் ஒளியில் நீல அலைகள் மிகக் குறைவு. ஆகவே நீலச் சட்டை கறுப்பாகத் தெரியும். வெண்ணிற எல்இடி ஒளியில் நிறங்கள் ஏறக்குறைய இயல்பாகத் தெரியும். “கறுப்புச் சட்டைக்காரர்தான் ஓடினார்” என்று ஒருவர் சாட்சி சொல்லும்போது இந்த வித்தியாசம் ஒரு நிரபராதியைக் காப்பாற்றலாம்.

முக்கியமான இன்னொன்றும் உண்டு. துப்பாக்கி விளக்கில் காவலர் மட்டுமே பார்க்கிறார். எதிரில் இருப்பவர் கண் கூசி நிற்கிறார். தெருவிளக்கின் கீழ் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். காவலருக்கு எதிரில் நிற்பவரின் வெறுங்கை தெரிகிறது. நிற்பவருக்குக் காவலரின் சீருடை தெரிகிறது. இருவருக்கும் முடிவெடுக்கச் சில விநாடிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன.

செய்து பாருங்கள்

தேவையானவை: கைப்பேசி விளக்கு, ஒரு நண்பர், ஒரே அளவுள்ள மூன்று பொருள்கள் (பணப்பை, கைப்பேசி உறை, சிறிய நோட்டுப்புத்தகம்).

1. அறையை இருட்டாக்கி 10 நிமிடம் காத்திருங்கள்.
2. நண்பர் 5 மீட்டர் தள்ளி நின்று ஏதாவது ஒரு பொருளைப் பிடிக்கட்டும். விளக்கின்றி ஊகித்து எழுதுங்கள். 10 முறை செய்யுங்கள்.
3. கைப்பேசி விளக்கைக் கூரையை நோக்கிப் பிடித்து மீண்டும் 10 முறை செய்யுங்கள்.
4. விளக்கை அந்தப் பொருளின்மேல் நேராக அடித்து மீண்டும் 10 முறை செய்யுங்கள்.
5. மூன்று முறைகளிலும் எத்தனை சரி என்று அட்டவணைப்படுத்துங்கள்.

எச்சரிக்கை: எந்த விளக்கையும் யாருடைய கண்ணிலும் நேராக அடிக்கக் கூடாது. லேசர் கருவியைப் பயன்படுத்தவே கூடாது.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. 40,000 கேண்டெலா விளக்கின் கற்றைத் தூரம் என்ன? ஒளிச்செறிவு 4 மடங்கானால் தூரம் ஏன் 4 மடங்காகவில்லை?
2. அதே கைப்பேசி 20 மீட்டர் தொலைவில் எத்தனை கலைக் கோணம் ஏற்படுத்தும்?
3. துப்பாக்கியில் பொருத்தும் விளக்கை நீங்கள் வடிவமைத்தால் அதன் பொத்தானை எங்கே வைப்பீர்கள்? எனோக்கா சொன்ன மூன்று காரணங்களையும் மனத்தில் வைத்து விளக்குங்கள்.
4. உங்கள் புளோக்கைச் சுற்றி இரவில் முகம் தெரியாத இடம் ஏதாவது உண்டா? வெளிச்சத்தைக் கூட்டாமல், விளக்கின் இடத்தையோ சுவரின் நிறத்தையோ மாற்றியே அதைச் சரிசெய்ய முடியுமா?

விடைகள்: (1) 400 மீட்டர், வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால் தூரம் 2 மடங்குதான் கூடும். (2) சுமார் 12 கலைகள். மூன்றாம், நான்காம் கேள்விகளை வகுப்பில் உங்கள் ஆசிரியருடன் விவாதியுங்கள்.